நகராமல் நின்ற புள்ளி

2006 வாக்கில், எம்.சி.ஏ. கடைசி வருடப் புராஜெக்டுக்காக நானும் என் தோழியும் திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக ஏன் அவ்வளவு நேரமாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டருக்குள் அந்த ஆஸ்பத்திரியையே கட்டினோம். வார்டு, லிஃப்ட், ஊழியர்களின் ஷிப்ட் எல்லாம் அதில் உண்டு. நோயாளிகள் சிவப்புப் புள்ளிகளாக ஊர்ந்து போவார்கள்.

எல்லாம் ஜோராக ஓடியது, ஒன்றைத் தவிர. மதியம் ஷிப்ட் மாறும்போது ஒரு புள்ளி மட்டும் பழைய கட்டடத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் நடுவிலுள்ள நடைபாதையில் நின்றுவிடும். பிறகு நகரவே நகராது. மறுநாள் பெரிய டாக்டரிடம் காட்டியாக வேண்டும். புரோகிராமைத் தலைகீழாகப் புரட்டிவிட்டேன், தப்பே கிடைக்கவில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

"அந்த ஒண்ணை அழிச்சுப் போட்டு ஓட்டு. யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் தோழி.

அழிக்க மனசு வரவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய கட்டட ஊழியர் ஸ்ட்ரெச்சரை நடைபாதையின் பாதி வரை தள்ளி வந்து விடுவார். அங்கிருந்து புதிய கட்டட ஊழியர் கொண்டுபோவார். அதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று நேரில் பார்த்துவிடலாம் என, ஷிப்ட் மாறியதும் கிளம்பிப் போனேன்.

தூக்கிவாரிப் போட்டது. புள்ளி நின்ற அதே இடத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் ஒரு மனிதர், பக்கத்து ஊரான மங்கலத்தில் தறி ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. சுற்றிலும் ஈ காக்காய் இல்லை. டிரிப்ஸ் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் ஏறியிருந்தது. வேர்த்து ஊற்ற வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, ஸ்கேன் ரூமு இதானுங்களா?"

"யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"எல்லாரும் வேலையா இருப்பாங்கன்னு பேசாம படுத்துட்டனுங்க."

நான் போட்ட கூச்சலில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். கொண்டுவந்து விட்டவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார். புதிதாக ஷிப்டுக்கு வந்தவருக்கோ அங்கே ஒருவர் கிடப்பதே தெரியாது. திரையில் புள்ளி நின்றதும் இதனால்தான். நோயாளியின் மனைவியை முன்னாலேயே போய் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தார். "இன்னும் வார்டுலதான் இருக்காருன்னு நெனச்சனுங்க" என்று அழுதார். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். அன்று மாலையே ஆபரேஷன் செய்து ஆளைப் பிழைக்க வைத்தார்கள்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் அந்தப் புள்ளியைத்தான் முதலில் காட்டினேன். "இது தினமும் நடக்குதாம்மா?" என்று கேட்டார். முந்தின நாள் பார்த்ததைச் சொன்னேன். பாதி வழியில் கைமாற்றும் வழக்கம் அந்த வாரமே நின்றது. தள்ள ஆரம்பித்தவரே கடைசி வரை கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போதும் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறேன். திரையில் ஏதாவது நின்றுவிட்டால், அது தப்பு என்று சொல்வதற்கு முன்னால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அங்கே யாராவது வாய் திறக்காமல் படுத்திருக்கிறார்களா என்று.