அந்த ராக் பேண்டோட "இசைத் தேடல்"

இன்னிக்கு தம்போய் போற பஸ்ல பக்கத்துல வந்து உட்கார்ந்தவரு நம்ம ஜொகூர் ராக் பேண்டோட கிட்டாரிஸ்ட்!

விடுவேனா? "அண்ணே, முதல் ஆல்பத்துல உருமி, அடுத்ததுல சர்ச் பாட்டு மாதிரி, அதுக்கப்புறம் மலாய் கொம்பாங் மேளம். ஏன் ஸ்டைல மாத்திக்கிட்டே இருக்கீங்க?"

சிரிச்சாரு. "நாங்க எங்க மாத்துனோம்? டிரம்மர்தான் மாறுனாங்க. நல்லா செட் ஆனதும் சிங்கப்பூர்ல வேலை கிடைச்சுப் போயிடுறாங்க லா. ஒருத்தரு கோயில்ல உருமி அடிச்சவரு, ஒருத்தரு சர்ச்ல வாசிச்சவரு, ஒருத்தரு மலாய்க் கல்யாணத்துல கொம்பாங் அடிச்சவரு. அவங்க கைக்கு வந்தத வச்சு பாட்டு போட்டோம்."

இதத்தான் நான் "இசைத் தேடல்"னு இந்த பிளாக்ல பக்கம் பக்கமா எழுதியிருந்தேன்.

"அடுத்த ஆல்பம், அண்ணே?"

"புது டிரம்மர் சிங்க நடனத்துக்கு மேளம் அடிக்கிற சீனப் பையன்."

சிங்கப்பூர்ல வேலை காலி இருந்தா, தயவுசெஞ்சு அந்தப் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அந்த ஆல்பத்த நான் கேட்டே ஆகணும்.