ஒரு ஃபேனுக்காக நடந்த போர்

மண்ணரையில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் தைக்கும் நாகஜோதிக்கும், பக்கத்தில் செக்கிங் பார்க்கும் பழனாயிக்கும் மூன்று வருடமாக ஒரே ஃபேனுக்காகச் சண்டை. இவள் தன் பக்கம் திருப்பினால், அவள் தன் பக்கம் திருப்புவாள்.

ஒருநாள் பழனாயி ஓட்டை விழுந்த பனியன்களைக் கவனிக்காமல் பாஸ் செய்துவிட்டதை நாகஜோதி பார்த்துவிட்டாள். முன்பு பட்டாளத்தில் இருந்த கம்பெனி வாட்ச்மேன் சகாயராஜிடம் யோசனை கேட்டாள்.

"மேனேஜர்ட்ட சொன்னா அவ வேலை போயிரும். அது முழுப்போரு, எதிரியோட பொழப்பையே அழிக்கிறது. கேட்டது கிடைச்சாப் போதும்னு நிறுத்திக்கிடறது அளவான போரு. உனக்கு எது வேணும்?"

"எனக்குக் காத்து போதும் அண்ணாச்சி."

நாகஜோதி அந்தப் பனியன்களைச் சத்தமில்லாமல் பழனாயியின் மேசையில் திருப்பி வைத்தாள்.

"ரொம்ப நன்றிங்கக்கா" என்று பழனாயி கும்பிட்டாள். கும்பிட்ட கையாலேயே ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது. பழனாயி டீக்கு எழுந்து போகட்டும் என்று காத்திருந்தாள்.