தலையைத் தூக்கு, மகள்

ஆலங்குடாவில் சாள்ஸிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. கடற்கரைத் தேத்தண்ணிக் கடையில் அவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்குக் கதைக்க இடமில்லை. எந்தக் கதையைத் தொடங்கினாலும் மகளில்தான் கொண்டுவந்து முடிப்பார். "என்ட ஷானிகாவுக்கு நீச்சல் பழக்கினது ஆர்? இந்தச் சாள்ஸ்!"

அதில் பொய்யில்லை. வள்ளத்திலிருந்து பிள்ளையைக் கடலில் இறக்கிவிட்டு, "தலையைத் தூக்கு, மகள்! வள்ளத்தைப் பார்!" என்று தொண்டை கிழியக் கத்தித்தான் பழக்கினார். வள்ளத்தைக் கண்ணிலிருந்து தவறவிட்டவன் கரை சேரமாட்டான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பாடசாலையில் விளையாட்டுப் படிப்பித்த நஸீர் மாஸ்டரும் ஸுஹைரா டீச்சரும் அவளுடைய வேகத்தைக் கண்டார்கள். ஹோட்டல்காரரின் கையைக் காலைப் பிடித்து, வெள்ளைக்காரர் எழும்ப முன்னம் அங்குள்ள நீச்சல் குளத்தில் பயிற்சி தொடங்கினார்கள். முதல் நாளே, "முகத்தைத் தண்ணிக்குள்ள போடு" என்றார்கள். தலை தூக்கினால் கால் தாழும், வேகம் போய்விடும்.

சாள்ஸுக்கு வந்ததே கோபம்! "கடல்ல தலையைத் தாழ்த்தினா நேரே சவக்காலைக் குழிதான்! நீ அங்க போகவேண்டாம்" என்று மகளை மறித்துவிட்டார்.

அன்று பின்னேரமே இரண்டு பேரும் கடற்கரையில் இருந்த அவருடைய மீன்வாடிக்கு வந்தார்கள். கிழிந்த வலையைப் பொத்தியபடியே சாள்ஸ் பொரிந்து தள்ளினார். அவர்கள் குறுக்கே ஒரு சொல் சொல்லவில்லை. ஆள் களைத்த பிறகுதான் நஸீர் வாய் திறந்தார்.

"சாள்ஸ் அண்ணன், உங்கட பாடம் கடலுக்கு. எங்கட பாடம் குளத்துக்கு. உங்கடதை நாங்க அழிக்கல்ல, பூட்டி வைக்கிறம். தேவைப்படுற நாள்ல துறப்பம்."

தன் ஏச்சை முழுசாகக் கேட்டு முடித்த ஆட்களைச் சாள்ஸ் அதுவரை கண்டதில்லை. விடிந்ததும் மகளைத் தானே கூட்டிக்கொண்டு போனார்.

வருடங்கள் ஓடின. நீர்கொழும்புக் கடலில் கடைசிப் போட்டி. முதலாவதாக வந்தால் தேசிய அணி. இல்லாவிட்டால் பாடசாலை வயதோடு எல்லாம் முடிந்தது. அன்றைக்கென்று பார்த்துக் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பி, திரும்பவேண்டிய மிதவையை அலை மறைத்தது.

ஸுஹைரா டீச்சர் ஷானிகாவின் தோளைப் பிடித்தார். "இன்டைக்குப் பூட்டைத் துறக்கிறம் புள்ள. எங்கட மாதிரி நீந்து. அப்பாட மாதிரிப் பாரு."

பக்கத்தில் நின்ற சாள்ஸின் காதில் அது விழுந்தது. அவர்கள் மறக்கவில்லை!

முகம் தண்ணீருக்குள், கை சுழல, இடைக்கிடை தலையைத் தூக்கி மிதவையை ஒரு பார்வை. குளத்தில் மட்டும் பழகிய மற்றப் பிள்ளைகளைக் காற்று ஒருபக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஷானிகா நேர்கோட்டில் போனாள், நேர்கோட்டில் வந்தாள். அவள் கரையில் கால் வைத்தபோது அடுத்த பிள்ளை இன்னும் அலைக்குள்ளே இருந்தாள். அடேயப்பா, ஆலங்குடாவிலிருந்து வேன் பிடித்து வந்த சனம் போட்ட கூச்சல்!

அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டினார். "ஐயா, மகளுக்கு நீச்சல் பழக்கினது ஆர்?"

ஊர்ச்சனம் சிரித்தது. பதில்தான் எல்லாருக்கும் பாடமாயிற்றே! ஆனால் சாள்ஸ் நஸீரையும் ஸுஹைராவையும் முன்னால் நிறுத்தினார்.

"நான் அவளைத் தாழாமல் இருக்கப் பழக்கினன். நீந்தப் பழக்கினது இந்த ரெண்டு பேரும்தான். கர்த்தர் சாட்சி." சொல்லிவிட்டு, ஊரே பார்க்கக் குலுங்கி அழுதார்.

தேத்தண்ணிக் கடையில் இன்றைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். தவறிப்போய் "நீங்கதானே அண்ணன்" என்று சொல்பவனுக்கு அன்றைக்கு நல்ல ஏச்சு.