ரோட்டில் நின்று அளந்த வீடு

பழிவாங்க வேண்டும் என்றுதான் அந்த மனுவை எழுதினேன். அதிகமாகக் கட்டிய சொத்து வரி திரும்பி வரும் என்பது இரண்டாவது காரணம். கேட்டவர்களிடம் மட்டும் வரிசையை மாற்றிச் சொன்னேன்.

குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைச் சரிவில் எங்கள் வீடு. எந்தப் பேரூராட்சி என்று சொல்லப்போவதில்லை. குப்பை வண்டி இன்னும் அங்கிருந்துதான் வரவேண்டும். ரோட்டிலிருந்து தொண்ணூற்று நான்கு படிகள் இறங்கினால் எங்கள் வாசல். ரோட்டை ஒட்டி, எங்கள் தலைக்கு நேர் மேலே, டீ ஃபேக்டரியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரின் வீடு. அண்ணன் என்பது உறவல்ல, வயதுக்குக் கொடுத்த மரியாதை. மற்ற எதற்கும் கொடுக்கவில்லை. அவருடைய வீட்டை ரோட்டில் நின்று பார்த்தால் அடக்கமான ஒரு தளம்தான் தெரியும். எங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் மூன்று தளம். இங்கே சரிவில் கட்டுகிறவர்கள் கீழ்நோக்கித்தான் வளர்வார்கள்.

அண்ணனுக்குக் காலையில் பால்கனியில் டம்ளரோடு நின்று என் வாழ்க்கையைப் பார்வையிடும் பழக்கம் உண்டு. என் செடி, என் கொடியில் காயும் லுங்கி, என் வழுக்கை எல்லாவற்றுக்கும் அங்கிருந்து கருத்து வரும். ஒரு நாள் கூரைக்கு வந்தார். "தம்பி, உங்க தகரம் தோசக்கல்லு மாதிரி ஆயிருச்சுங்க. முட்டைய ஒடச்சு ஊத்தலாமுங்க" என்றார். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரமே பச்சைப் பெயின்ட் வாங்கி என் கூரைக்கு அடித்தேன். அரை டின் மிஞ்சியது. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை உண்டு. ஒரு காலத்தில் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையை எடை போட்ட இடம். இப்போது அதில் ஓணானைத் தவிர யாரும் இல்லை. அதன் தகரமும் என் தகரமும் தோளில் கை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். ஒன்று பச்சையாகவும் மற்றது துருவாகவும் இருந்தால் அண்ணன் அதற்கும் ஏதாவது சொல்வார் என்று, ஊரான் கொட்டகைக்கும் சேர்த்து அடித்துவிட்டேன். மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சையாக, பங்களா மாதிரி இருந்தது. ஒரு வாரம் அண்ணன் வாயே திறக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருடம்தான் வரியைத் திருத்தி எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்தார்கள். எனக்கு வந்தது முன்பு கட்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு சாதாரண மனிதன் இந்த இடத்தில் ஏன் என்று கேட்பான். நான் மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்க் கட்டிவிட்டு வந்தேன். அரசாங்க முத்திரை போட்ட காகிதம் என்றாலே எனக்குப் பயம். கட்டத் தவறினால் ஜப்தி செய்ய ஆள் வருவார்கள், பீரோவைத் தொண்ணூற்று நான்கு படி தூக்கிக்கொண்டு போவார்கள், அண்ணன் பால்கனியிலிருந்து அவர்களுக்கு வழி சொல்லுவார் என்றெல்லாம் மனதுக்குள் ஓடும். ஐந்து அரையாண்டுகள் அப்படியே கட்டினேன்.

ஆறாவது தடவை வரி வசூல் முகாமில் அண்ணன் எனக்கு முன்னால் நின்றார். அவருடைய ரசீது மேஜையில் கிடந்தது. என் கண் தானாக அதன்மேல் விழுந்தது. நான் கட்டுவதில் பாதிகூட இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். ரசீதை நிதானமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "பெரிய ஊட்டுக்காரரு வந்திருக்கறாருங்க. கொஞ்சம் வழி உடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னதை மன்னித்திருப்பேன். நான் சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வரிப் பதிவேட்டைத் திறந்து காட்டிய கிளார்க், என் வீடு ஆயிரத்து நானூற்று இருபது சதுர அடி என்றார். எனக்குத் தெரிந்து அது அறுநூற்று எண்பது. அதுவும் மூச்சை இழுத்துப் பிடித்து அளந்தால். அப்போதிருந்த பில் கலெக்டருக்கு முழங்கால் வலியாம். படி இறங்க மாட்டாராம். ரோட்டில் நின்று பச்சைக் கூரையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்து எழுதியிருக்கிறார். மேலே இருக்கும் வீட்டையும் அதே இடத்தில் நின்று பார்த்து ஒரு தளம் என்று எழுதியிருக்கிறார். என் பெயின்ட் செலவில் நானே எனக்கு வரி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சீராய்வு மனு கொடுத்தால் நேரில் வந்து அளப்பார்கள், தவறு என்று தெரிந்தால் கூடுதலாகக் கட்டியதைக் கையில் தரமாட்டார்கள், வரும் அரையாண்டுகளில் கழித்துக்கொள்வார்கள் என்றார் கிளார்க். எனக்கு வரியைவிட அந்த 'நேரில்' பிடித்துவிட்டது. அளக்க வருகிறவர் என் வாசலில் நிற்க வேண்டும். நின்றால் ஒரு தடவையாவது அண்ணாந்து பார்க்க வேண்டும். அவ்வளவு போதும். நான் யாரையும் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகாது.

மனுவைக் கொடுத்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, நம்ம சமையக்கட்டு?"

விசில் நின்றது. மூன்று வருடத்துக்கு முன் வீட்டின் பின்பக்கம் ஒரு சமையலறையை இழுத்துக் கட்டியிருந்தோம். யாரிடமும் சொல்லவில்லை. அளக்க வருகிறவர்கள் அதையும் அளப்பார்கள். அபராதம் போடலாம், வரி ஏறலாம், இடிக்கச் சொல்லலாம். மனுவைத் திரும்ப வாங்க முடியுமா என்று கிளார்க்குக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவர், "என்னதாங்க பிரச்சன உங்குளுக்கு?" என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய்யும் அல்ல.

பிறகு எனக்கு ஒரு மகா யோசனை வந்தது. சமையலறையை விறகுக் கொட்டகையாக மாற்றிவிடலாம். கொட்டகைக்கு வரி இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். கேஸ் அடுப்பை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். மசாலா டப்பாக்கள் கட்டிலுக்கடியில் போயின. இரண்டு சுமை சவுக்கு விறகு வாங்கிச் சமையலறை முழுக்க அடுக்கினேன். நான்கு நாள் என் மனைவி டிவிக்கு முன்னால் குத்தவைத்துச் சமைத்தாள். என்னிடம் பேசிய மொத்த வார்த்தை, "உப்பு கட்டலுக்குக் கீள இருக்குது."

இவ்வளவையும் அண்ணன் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

முழங்கால் வலிக்காரர் வந்து, படியில் மூச்சிரைத்து, பாதியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார், நான் மெதுவாகக் கொடுக்கலாம் என்று இருந்தேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தது கேன்வாஸ் ஷூ போட்ட இளம் பெண் ஒருத்தி. எஸ்டேட் தொழிலாளர் லைனில் வளர்ந்தவளாம். அத்தனை படியையும் ஓட்டமாக இறங்கி வந்து, மூச்சுகூட வாங்காமல் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். வீட்டை அளந்தாள். பக்கத்துக் கொட்டகை எனதில்லை என்பதை ஆவணத்தில் பார்த்துக்கொண்டாள். அறுநூற்று எழுபத்தாறு. நான் சொன்னதைவிட நான்கு அடி குறைவு. அந்த நான்கு அடிக்காக ஒரு கணம் மனம் நொந்தது.

நாற்காலியை ஏற்கெனவே மேட்டைப் பார்த்துப் போட்டு வைத்திருந்தேன். "உக்காருங்க மேடம், டீ வருது" என்றேன். உட்கார்ந்தாள். காகிதத்தைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், தன் ஷூவைப் பார்த்தாள். மேலே மட்டும் பார்க்கவில்லை. நான் வானத்தைக் காட்டி மழை வருமா என்று கேட்டேன். போனில் பார்த்துச் சொன்னாள்.

அப்போது பால்கனியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அம்மணி, பின்னால ஒரு சமையக்கட்டு இருக்குதுங்க. அதையும் அளந்துக்கங்க."

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். விறகுகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "விறகுக் கொட்டகைக்கு சிங்க் எதுக்குங்க சார்?" என்றாள். கழுவி வைக்க என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி பின்னாலிருந்து, "அளந்துக்குங்க மேடம். அளந்தா நானு நாளையிலிருந்து உள்ள போய் சமைப்பேன்" என்றாள். அந்தப் பெண் அளந்து, நூற்று இரண்டு சதுர அடி என்று எழுதிக்கொண்டாள்.

அதோடு என் கதை முடிந்தது என்றுதான் நின்றேன். அவள் முன்பக்கம் வந்து, தகவல் சொன்ன குரல் எங்கிருந்து வந்தது என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கிய தலையை இறக்கவில்லை. பேனா மேலும் கீழுமாக மூன்று முறை அசைந்தது. நடுத்தளத்துக் கம்பியில் ஒரே மாதிரி ஆறு வெள்ளை பெட்ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அது ரோட்டு மேல இருக்கற ஊடுங்களா?"

"ஆமாங்க மேடம்."

"மூணு தளமா?"

"எண்ணிப் பாத்ததில்லீங்க" என்றேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் டம்ளர் மட்டும் இருந்தது.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. சமையலறையைச் சேர்த்த பிறகும் என் வரி கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. சமையலறைக்கு மூன்று வருட பாக்கியைப் பிடித்துக்கொண்டு, மீதியைக் கழித்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். அடுத்த நான்கு அரையாண்டுகள் நான் எதுவும் கட்ட வேண்டாம். காகிதத்தில் முத்திரை இருந்தும் பயப்படாமல் இரண்டு தடவை படித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணனே எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் நோட்டீஸ். கீழிரண்டு தளத்தையும் சேர்த்து, பின்தேதியிலிருந்து கேட்டிருந்தார்கள். என்னைப் பார்க்காமல் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டு, "மனு எழுதறதுல நீங்க கெட்டிக்காரராச்சுங்களே தம்பி. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. அளவு ஜாஸ்தின்னு" என்றார்.

உட்காரவைத்து, டீ கொடுத்து, என் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மரியாதைக்குரிய, தாழ்மையுடன், வயது முதிர்ந்த என்று ஒன்றையும் விடவில்லை. கடைசி வரியாக, 'தாங்கள் நேரில் வருகை தந்து, மூன்று தளங்களையும் உட்புறமாகப் பார்வையிட்டு அளவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தேன்.

அண்ணன் படித்துக்கொண்டே வந்து அந்த வரியில் விரலை வைத்தார். "இது எதுக்குங்க?"

"அளவு தப்புன்னா அளக்கக் கூப்பிடோணுமுங்களேண்ணா. நானும் அப்பிடித்தான் கூப்பிட்டனுங்க."

"உள்ளுக்குள்ளயேவா?"

"உள்ள வராம எப்பிடிங்க?"

மனைவி டம்ளரை எடுக்க வந்தவள், வெகுளியாக, "இந்த வாரம் ரூமுக்கு எத்தன வண்டி வந்துதுங்கண்ணா? சனிக்கெளம மூணு பெங்களூர் வண்டி பாத்தேன்" என்றாள். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் தளம் என்று தெரிந்தால் அது வணிகக் கட்டடம். வீட்டு வரியைப்போல் பல மடங்கு. அண்ணனுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். மனுவை நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் பொய்யாக ஒரு வார்த்தை எழுதவில்லை. இதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மனு கொடுக்கக் கடைசி நாள் முடிந்த மறுநாள், பேரூராட்சிக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை; இரண்டு வருடத்துக்கு இருக்கப்போவதும் இல்லை. மேல் வீட்டிலிருந்து ஏதாவது மனு வந்ததா என்று கிளார்க்கிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். இல்லையாம். நேற்றே முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டிவிட்டாராம். முழுவதுமா என்று கேட்டேன். முழுவதும் என்றார். இன்னொரு தடவை கேட்டேன். அவரும் இன்னொரு தடவை சொன்னார்.