மேசைமேல் பரப்பிய கட்டைகள்

லேமினேட் செய்த அட்டை இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும்போது ஒரு வாடை அடிக்கும். ஜெராக்ஸ் கடையில் அது மூக்கில் ஏறினாலே எனக்கு வாய் கசக்கிறது. உக்கடம் பக்கம் நான் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கு, பிள்ளைகளின் புத்தியை அளக்க ஒரு பெட்டி வந்தது, அந்த வாடையோடு. படங்கள், வண்ணக் கட்டைகள், கூடவே ஒரு மேடம்.

மாடிப்படிக்குக் கீழே சிறப்பு வகுப்பு. அங்கே ஒரு பிள்ளையைத் தவிர எல்லோரும் ஒரே தெரு: துப்புரவுப் பணியாளர் குடியிருப்பு. வீட்டில் தெலுங்கு. மில் முதலாளிகள் வீட்டிலும் தெலுங்குதான். அந்தத் தெலுங்கை அளக்க எந்தப் பெட்டியும் போனதில்லை.

அதே தெருவிலிருந்து வந்த என் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை மேசை முன் உட்கார வைத்து, மேடம் கட்டைகளைப் பரப்பினார்.

"அடுக்கு கண்ணு."

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இன்னொரு முறை, இன்னும் இனிப்பாக. அசையவில்லை. மேடம் படிவத்தில் சுழியம் போட்டார்.

"அவங்கம்மா பீளமேட்டுல ஊட்டு வேலைக்குப் போறாங்க. லீவு நாள்ல இவளும் போவா. அங்க மேசைமேல இருக்கறதைத் தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லி வெச்சிருக்காங்க. தரையில கொட்டிப் பாருங்க, நொடியில அடுக்குவா" என்றேன்.

"தரையிலயா? மேனுவல்ல அப்படி இல்லீங்களே டீச்சர்."

தலைமையாசிரியர் சிரித்தார். "விடுங்க டீச்சர். இதுகளுக்கு அந்த ரூமே போதுமுங்க."

எங்கள் ஊரில் குழியைக்கூட மரியாதையாகத்தான் வெட்டுவோம். மேலே கொஞ்சம் 'ங்க' தூவி மூடிவிட்டு, கை கழுவி, காப்பி குடிப்போம்.

படிவத்தில் வகுப்பாசிரியர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. போட்டேன். துடியலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. என் கோபத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். தலைமையாசிரியர் படிவத்தைக் காட்டியிருக்கிறார். வாசல் கேட்டருகே, மகளின் கையைப் பிடித்தபடி அந்த அம்மா என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைக்குப் புத்தி பத்தாதுன்னு உங்களுக்குந் தோணுச்சுங்களா?"

"இல்லீங்க. நல்லாப் படிக்கிற புள்ளை."

"அப்புறம் எதுக்குங்க கையெழுத்துப் போட்டீங்க?"

விதிமுறை, அது இது என்று எதையோ மென்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் காயிதம் புதுப் பள்ளிக்கூடத்துக்கும் போகுமுங்களா?"

"போகுமுங்க."

"அப்படின்னா அதுக்குக் கீழயே, சொன்ன பேச்சுக் கேக்கற புள்ளைன்னும் எழுதிப்போடுங்க. வாரனுங்க."