ஸ்பெயினுக்குப் போகவிருந்த ஆறு நாட்கள்

அந்த வட்டாரத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. லேப்காரம்மா என்றால் உடனே கை நீட்டி வழி காட்டுவார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடையின் மாடியில், மூன்று அறை கொண்ட ரத்தப் பரிசோதனைக்கூடம் அது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே ரத்தம் எடுப்பதும், அதை எந்திரத்தில் ஏற்றுவதும், எந்திரம் சந்தேகப்பட்டால் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பதும் அவள் வேலை.

நரம்பு கிடைக்காத கைகளிலும் முதல் குத்திலேயே ரத்தம் எடுத்துவிடுவாள். அதற்காகவே தேடி வருகிறவர்கள் உண்டு. ஆனால் முடிவைக் கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டாள். "டாக்டர் பாத்துட்டுச் சொல்வார்" என்பாள். முகத்தில் ஒரு கோடு அசையாது. அந்த முகத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

வீட்டில் அது செல்லுபடியாகவில்லை. ரிசல்ட் நன்றாக இருந்தால் "நல்லாத்தான் இருக்கு, போய்ட்டு வாங்க" என்று அவளுக்கு வாய்தவறி வந்துவிடும், கெட்டதற்கு மட்டும்தான் டாக்டரை இழுப்பாள் என்பதை அவள் கணவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். "உன் வாயில டாக்டர் வந்தா ஆள் காலி" என்று கேலி செய்வார்.

அவர் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் பதிப்பவர். முட்டி இரண்டும் தேய்ந்த மனிதர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து தரையைப் பார்ப்பார், பிறகுதான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். ஸ்பெயின் ஆசை அவரிடமிருந்துதான் வந்தது. பார்சிலோனாவில் ஒரு பூங்காவில், உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஒட்டியே பாம்புபோல் வளைந்து போகும் நீளமான இருக்கை ஒன்று இருக்கிறது. அதை யாரோ போனில் காட்டியதிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. "நான் குப்பையில கொட்டுறத வச்சு அங்க ஒருத்தன் ஊரையே உக்கார வச்சிருக்கான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

பல வருஷம் வெறும் பேச்சாகவே இருந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர்க் கல்லூரிக்குப் போகப் போகிறாள் என்றானதும் பேச்சு திட்டமாயிற்று. இதை விட்டால் நான்கு பேரும் ஒன்றாகப் போவது எப்போது? அவளுக்குப் பதினேழு, தம்பிக்குப் பதினைந்து. கோடை விடுமுறையில் ஆறு நாள், இரண்டு நகரம், பார்சிலோனாவும் மாட்ரிட்டும். மகள் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, நாளையும் நேரத்தையும் எழுதி, குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினாள். எதையும் திருத்தாமல் விடாதவள் என்பதால் அப்பா அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் சோர்ந்து போனதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பதை நெருங்குகிற ஆள், பெட்டி பெட்டியாகச் சுமக்கிற வேலை. தொடையில் நீலமாக இரண்டு கன்றல்களைப் பார்த்து அவள் கேட்டபோது, டைல்ஸ் பெட்டி இடித்திருக்கும் என்றார். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்றதும்தான் அவளுக்குச் சுருக்கென்றது. ஊருக்குப் போகும் முன் எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று சாதாரணமாகச் சொல்லி, ஒரு சனிக்கிழமை காலை அவரை மட்டும் லேபுக்கு வரச் சொன்னாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார். எந்திரம் வெள்ளையணுக்களை எண்ணிவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி போட்டது. அவள் தகடு போட்டாள். சாயம் ஏறக் காத்திருக்கும் நேரத்தில் கீழே போய் ஒரு டீ குடித்து வருவது அவள் வழக்கம். அன்று போகவில்லை.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் தெரிந்துவிட்டது. வளர்ந்து முடியாத, பெரிய பெரிய செல்கள், பார்க்கிற இடமெல்லாம். வருஷத்துக்கு மூன்று நான்கு முறை அப்படி ஒரு தகடு வரும். வந்தால் அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்காது. தகட்டை எடுத்துவிட்டு, ரத்தம் எடுத்த குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். இன்னொரு தகடு போட்டாள். அதிலும் அதுதான்.

பெரிய மருத்துவமனையின் ரத்தநோய் டாக்டருக்குப் போன் செய்தாள். அவரிடம் இதற்கு முன் எத்தனையோ பேருக்காகப் பேசியிருக்கிறாள். யாருக்கு என்று அவர் கேட்டபோது, குழாயிலிருந்த பெயரை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, தன் வீட்டுக்காரருக்கு என்றாள். காய்ச்சலோ நிற்காத ரத்தக்கசிவோ இருந்தால் இந்த நிமிஷமே கூட்டி வாருங்கள், இல்லையென்றால் நாளைக் காலை முதல் வேலையாக அட்மிட் செய்துவிடலாம் என்றார் அவர். அவள் மீதி நாலு பேருக்கு ரத்தம் எடுத்து முடித்து, கையைக் கழுவி, வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் சமையலறை மேசையைச் சுற்றி நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குளிர்சாதனப்பெட்டித் தாள் மேசைக்கு இறங்கியிருந்தது. மகள் அதன் தலைப்பில், இறுதிப் பட்டியல் என்று எழுதி அன்றைய தேதியைப் போட்டாள். மாட்ரிட் ஓவியக் கூடத்துக்கு இரண்டு நாள் வேண்டும் என்றாள். தம்பிக்கு இரண்டு ஊரிலும் கால்பந்து மைதானம் பார்க்க வேண்டும். செத்துப்போன ராஜாக்களின் படத்தை இரண்டு நாள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவன் கேட்க, ஆளே இல்லாத மைதானத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவன் பேசுகிறான் பார் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அங்கே ராத்திரி பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார்களாம் என்று பேச்சு வந்தபோது, ஒன்பதுக்கே படுத்துவிடும் அப்பா, தான் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து சாப்பிடுவதாகச் சொன்னார்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்கிற நேரத்தில் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அது சரி, என் ரத்தம் என்ன சொல்லுது?"

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவளை முந்திக்கொண்டது.

"டாக்டர் பாத்துட்டுச் சொல்வார்."

பிள்ளைகள் தாளை விட்டு நிமிரவே இல்லை. அவர் மட்டும் அவளையே பார்த்தார். பிறகு கையிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்தார். "டீச்சர், உன் ஓவியத்துக்கு ரெண்டு நாள் எழுதிக்கோ. அவன் மைதானத்தையும் எழுது, ரெண்டு ஊர்லயும்" என்றார். அப்போ உங்க பூங்காவுக்கு நேரமே இல்லையே என்று மகள் கேட்டாள். போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கு அவர் எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. தம்பி எழுந்து நின்று, கோல் போட்டவன்போல் கையை விரித்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடினான். மகள் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

பாத்திரம் கழுவும்போது அவர் பின்னால் வந்து நின்றார். குழாயை மூடாமலே கேட்டார்.

"ரொம்பக் கெட்டதா?"

"ஆமாங்க. காலையில அட்மிட் ஆகணும்."

"பசங்களுக்கு இன்னிக்கு வேணாம். இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

அவள் தலையாட்டினாள். அவர் ஒரு துணியை எடுத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். அந்த வீட்டில் அவர் அதற்கு முன் ஒரு தட்டைத் துடைத்ததில்லை.

மறுநாள் மருத்துவமனை. பிள்ளைகளிடம் முதலில் ரத்தத்தில் ஏதோ குறைவு என்றார்கள், பிறகு கிருமி என்றார்கள், ரத்தப் புற்றுநோய் என்ற பெயரைச் சொல்ல ஒரு வாரமாயிற்று. மருந்து ஏறியது, முடி போயிற்று, ஒரு மாதம் வீட்டுக்கு வந்தார், மறுபடி போனார். விமானம் ஏறியிருக்க வேண்டிய நாளில் அவர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். நான்கு பேருக்கும் அந்தத் தேதி தெரியும்.

அவரை இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றச் சொன்ன அன்று, அவள் அவர் கட்டிலை விட்டு நகர முடியாததால், காகிதங்களை அடுக்கும் வேலை மகளுக்கு வந்தது. கோப்பின் அடியில் இருந்தது முதல் ரிப்போர்ட். கையெழுத்து அம்மாவுடையது. தேதி, மகள் தன் கையாலேயே பட்டியலின் தலைப்பில் எழுதிய அதே தேதி.

வராந்தாவில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அம்மாவை நிறுத்திக் கேட்டாள்.

"அன்னிக்கு மேசையில உக்காந்திருந்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அன்னிக்கு அவ்வளவு சிரிச்சேன்மா. நீ பாத்துட்டே இருந்திருக்க."

குரல் உயரவில்லை. "லேபுக்கு வர்றவங்ககிட்ட வைப்பியே, அந்த மூஞ்சிய எங்ககிட்டயும் வச்சிருக்க" என்றாள். அம்மாவுக்குப் பதில் வாய்வரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். சாகக் கிடக்கிற மனிதரோடு பெண் மனஸ்தாபப்பட வேண்டாம், தன்னோடு போகட்டும் என்று பாட்டிலை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் மாதம், நுரையீரலில் கிருமி பரவி, ஒரு மத்தியானம் அவர் போய்விட்டார். மகன் அழுதான். மகள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து அவளுக்குத் தாங்கவில்லை. மகள் கல்லூரிப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்றது அப்பாதான் என்றாள். பெண் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அவர்தான் இல்லையே. இனிமே எதை வேணா அவர் மேல போடலாம்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். முன்பே சொல்லியிருந்தால் அவர் வாயாலேயே சாட்சி கிடைத்திருக்கும் என்று அப்புறம் பல நாள் நினைத்தாள். வேலைக்குப் போனாள், ரத்தம் எடுத்தாள். நுண்ணோக்கி வேலையை மட்டும் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். கண் சரியில்லை என்று காரணம் சொன்னாள். மகன் பந்து விளையாடுவதை நிறுத்தவில்லை, ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் வீட்டில் வந்து சொல்வதை நிறுத்திவிட்டான். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். சாப்பிட்டாயா, தம்பி படிக்கிறானா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான்.

அடுத்த வருஷ விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது, இறந்தவருடைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்தப் பயணத்துக்காக நால்வரும் ஒன்றாகப் போய் எடுத்தது. மகள் கேட்காமலே கூட வந்தாள். வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

கவுன்டரில் இருந்தவர் இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தது.

"ஒரு தடவைகூட எங்கயும் போகலயா?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம் அசையாத அவள் முகம் அந்தக் கவுன்டருக்கு முன்னால் கலைந்து போயிற்று. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இல்ல சார். போறதுக்குள்ள உடம்புக்கு முடியாம போச்சு" என்று மகள் சொன்னாள்.

அவர் மேலே எதுவும் கேட்காமல் அட்டையின் மூலையை வெட்டி, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். மகள்தான் கை நீட்டி வாங்கினாள்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்த பெண், தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"தம்பிய ஒரு தடவ ஸ்பெயினுக்குக் கூட்டிட்டுப் போம்மா. அவன் வாய்விட்டுக் கேக்க மாட்டான்."

"நீ?"

"என்னால முடியாது. இப்ப முடியாது."

சரி என்றாள் அவள். லேப் நிறுத்தம் வந்ததும் எழுந்து, சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, தம்பி வந்தால் சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொடு என்று சொல்லி இறங்கினாள். மாடிப்படியில் ஏழெட்டுப் பேர் வெறும் வயிற்றோடு அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.