அந்தரத்தில் குளிருமா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது சண்டைக் காலம். சென்னீர்குப்பத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிய அண்ணனிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் போய்விட்டது.

மேகத்துக்கும் மேலே இருப்பதை எங்கள் பக்கம் அந்தரம் என்பார்கள். கருமாதி செய்யாத உயிர் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும் என்று நம்பினார்கள்.

அத்தை, அதாவது நைனாவின் அக்கா, அம்மாவை விடவே மாட்டாள்.

"பெத்த புள்ளைய அந்தரத்துல நிக்க வச்சிட்டு, நீ சோறு துன்னுகினு கீற."

"உன் வாயில மண்ணு உழ. எம்புள்ள உசுரோட கீறான்."

காரியம் செய்தால் அவன் செத்தது நிஜமாகிவிடும். அதனால் அம்மா அசையவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குத் தினமும் வாசலில் நிற்பாள்.

அப்போது எங்கள் தலைக்கு மேல் ஏரோப்ளேன்கள் நிறையப் போகும். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதைப் பற்றிப் பேசியதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மேல போவப் போவ ஒரே குளிராம்மா."

வயலில் நாற்றைப் பிடுங்கி முடி கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "மேலன்னா? அந்தரத்துலயா?"

"ஆமா. மூச்சு உடக்கூட காத்து இல்லியாம்."

அந்த அமாவாசைக்கே காரியம் வைக்கச் சொல்லிவிட்டாள்.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு வைக்கோலில் ஆள் கட்டிக் கொளுத்துவது எங்கள் வழக்கம். எரிக்கத் தூக்கும்போது, வீட்டில் இருந்த ஒரே கம்பளியை அம்மா அதன்மேல் சுற்றினாள்.

"எரியப்போறதுக்கு இன்னாத்துக்குடி கம்பளி?" என்றார் நைனா.

"இத்தினி நாளா குளிர்ல நின்னுகினு கீறான்" என்றாள்.

அந்த மார்கழியில் நாங்கள் கோணியைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். தபால்காரர் தெருவில் வந்தால் அம்மா உள்ளே போய்விடுவாள். அண்ணன் வரவில்லை. செத்தான் என்ற சேதியும் கடைசிவரை வரவில்லை.

குளிர் என்று வாத்தியார் சொன்னது நிச்சயம். காற்று இல்லை என்றும் அவர்தான் சொன்னாரா, அம்மா அப்படிக் கேட்டதும் நானாகச் சேர்த்தேனா, தெரியவில்லை. அங்கே மூச்சு விட முடியுமா முடியாதா என்று படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.